பதினேழாவது கேள்விக்கு என் பதில்

நான் வெளியில் காபி குடிப்பதில்லை, ஐயா. மந்தைவெளியில் எங்கள் தெருமுனையிலேயே பேர்பெற்ற கடை ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே டம்ளர்களை எந்தத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு முடியவில்லை. நீங்கள் வரவழைத்த இந்தக் காபியையும், தப்பாக நினைக்காமல், எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு விஷயம். அரசு வேலை விண்ணப்பத்தில் பதினேழாவது கேள்வி: 'இதற்கு முன் எந்தப் பணியிலிருந்தாவது நீக்கப்பட்டிருக்கிறீர்களா?' அதற்கு, செம்பியன் ஆகிய நான், 'இல்லை' என்று ஏன் எழுதினேன்? கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

லேப் டெக்னீஷியன் படிப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் அப்பா. படிக்கும்போது மைக்ராஸ்கோப், கண்ணாடித் தகடு என்று எல்லாம் பளிச்சென்று இருந்தன. வேளச்சேரியில் ராமானுஜம் சாரின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. காலை ஏழு மணிக்கே மேஜைமேல் டப்பாக்கள் வந்து உட்கார்ந்திருக்கும். யார் யாருடைய மூத்திரமோ, மலமோ. சில டப்பாக்களுக்கு வெளிப்பக்கமும் ஈரமாக இருக்கும். சூடு ஆறியிருக்காது. அந்த வெதுவெதுப்பு கையுறையைத் தாண்டி விரலுக்கு வரும். வீட்டுக்குப் போய் மூன்று முறை சோப்புப் போட்டாலும் சோற்றில் கை வைக்கும்போது அது நினைவுக்கு வரும்.

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். வேலையை அல்ல, திறப்பதை. டப்பா, ரத்தம் அடைத்த குழாய் எல்லாவற்றையும் அப்படியே குப்பைப் பைக்குள் தள்ளிவிட்டு ரிப்போர்ட்டில் எண்களை எழுதினேன். கண்டபடி எழுதவில்லை. வயது, உடல்வாகு, டாக்டர் சீட்டில் இருப்பது எல்லாவற்றையும் பார்த்துத்தான் எழுதுவேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நோயும் இருக்காது. ஆகவே பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

தேவானை என்று ஒரு அம்மாள். அபார்ட்மென்ட் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். களைப்பு, ஓயாத தாகம் என்று சர்க்கரை பார்க்க அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான உடம்பு. தொண்ணூற்றாறு என்று எழுதினேன். எட்டாம் நாள் இறந்துபோனார். கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐந்நூற்றைத் தாண்டியிருந்ததாம்.

அவர் மகன் விக்கி ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நல்லா கீதுன்னு நீங்கதான சார் எழுதிக் குட்த்தீங்க? அத்த நம்பிக்கினு அம்மாவ ஊட்லயே படுக்க வெச்சிருந்தோமே சார். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே போய்ட்ச்சு."

பேசும்போது எச்சில் தெறித்தது. அன்றைக்கு அந்தச் சட்டையை நான் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை.

ராமானுஜம் சார் கதவைச் சாத்திக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். "ரத்தம் எடுத்த இடத்தில் குழாயில் பெயர் மாறியிருக்கலாம் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாறியது என்று சொல்லவில்லை, மாறியிருக்கலாம் என்றுதான் சொன்னேன். ரத்தம் எடுத்தவள் தூபா. என்னைப் போலவே படித்துவிட்டு வந்த மயிலாப்பூர்ப் பெண்.

"ரெண்டு பேரும் நாளைலேர்ந்து வரப்படாது. லெட்டரை வாங்கிண்டு கெளம்புங்கோ" என்றார் அவர். என்னை ஏன் சேர்த்து நீக்கினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தூபா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான்ண்ணா பேர மாத்தி ஒட்டிட்டேன் போல. எவ்ளோ யோசிச்சாலும் நெனப்பே வரல. ஒரு உசுருண்ணா." மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். திருப்பித் தர வந்தபோது, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம் அரசு வேலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் அதிகம். விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, பதினேழாவதுல இன்னா எழுதறது? இல்லன்னு போட மனசு வரமாட்டேங்குது."

"உள்ளதை எழுது தூபா. ஒளிவுமறைவு இல்லாதவர்களுக்கு மரியாதை உண்டு" என்றேன்.

எழுதிவிட்டாள். தனித் தாள் இணைத்து, தன் தவறால் ஓர் அம்மாள் இறந்ததாக ஒரு பக்கம் எழுதியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அவளை அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "ஒங்க பேர நான் சொல்லலண்ணா. என் தப்பால ஒரு வாட்டி ஒங்க வேல போச்சு. இதுவும் போவணுமா?"

எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்காக வருத்தப்பட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுகாதார நிலையத்தில் எனக்குக் கொடுத்தது சளிப் பரிசோதனை. காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது. மூத்திரத்தைக்கூட ஒருவாறு சகித்துக்கொள்ளலாம், ஐயா. முதல் நாள் ஒரு கப்பைத் திறந்தேன். பச்சையாக, நூல் நூலாக, நடுவில் ஒரு சிவப்புக் கீற்று. குச்சியால் எடுத்தால் கூடவே இழுபட்டு வந்தது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எதையும் திறக்கவும் இல்லை.

மூன்று வருடமாக எல்லோருக்கும் 'நெகட்டிவ்' எழுதினேன். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக மாதத்தில் இரண்டு பேருக்கு, பார்க்க மெலிந்து இருப்பவர்களாகத் தேர்ந்து, 'பாசிட்டிவ்' எழுதினேன். அவர்கள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள். எங்கள் பகுதியில் நோய் குறைந்துவிட்டது என்று ஒரு கூட்டத்தில் அறிவித்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்த வருடம் தூபா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தேவானை இறந்த நாளில் வருடாவருடம் அந்த வீட்டுக்குப் போய்வருகிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வந்தவள் விக்கியின் மனைவி தமிழ்நிலா. ஒரு மாத இருமல். "பயப்படாதடி. நம்ம அண்ணா பாத்து கரெக்டா சொல்லுவாரு" என்றாள் தூபா. நெகட்டிவ் என்று கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தமிழ்நிலாவுக்கு இருமல் நிற்கவில்லை. தூபாதான் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் தூபாவே தன் கப்போடு என் ஜன்னலுக்கு வந்தாள். "எனக்கும் ரெண்டு வாரமா இருமல்ண்ணா." மூடியைச் சரியாகத் திருகவில்லை, ஓரத்தில் வழிந்திருந்தது. அவளுடையதாயிற்றே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு காகிதத்தால் பிடித்துப் பைக்குள் போட்டேன். நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

மூன்று வாரம் கழித்துத் தமிழ்நிலா ரத்தமாக வாந்தி எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் முற்றிய காசநோய் என்றார்கள். சண்டை போட வந்த விக்கி என் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். வேளச்சேரியில் பார்த்த முகம். அவன் கொடுத்த மனுவில்தான் நீங்கள் என் பழைய விண்ணப்பத்தைத் தோண்டி எடுத்து, பதினேழாவது கேள்விக்கு வந்திருக்கிறீர்கள். தமிழ்நிலா விஷயத்தைக் கவனக்குறைவு என்று குறித்திருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். நான் கவனக்குறைவான ஆள் இல்லை. அவள் கப்பை நான் திறக்கவே இல்லை. தேவானையின் குழாயையும் திறக்கவில்லை. தூபா எந்தப் பெயரையும் மாற்றி ஒட்டவில்லை.

'ஆம்' என்று எழுதியிருந்தால் ஏன் நீக்கினார்கள் என்று கேட்டிருப்பீர்கள். இதையெல்லாம் ஒரு விண்ணப்பத்தில் எழுதுவது நாகரிகமாக இருக்காது என்றுதான் 'இல்லை' என்று எழுதினேன்.

கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் பேனா வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் நகல் தூபாவுக்குப் போக வேண்டாம். நான் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பி அவள் நிம்மதியாக இருக்கிறாள், வேறெங்கும் போய்ப் பார்க்கவில்லையாம். அண்ணா அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். இதைப் படித்தால் மனசு உடைந்துபோவாள்; அவளுக்கு இப்போது உடம்பு வேறு சரியில்லை.