எதிர்க்கோல்

இந்த ஸ்டேஷன்ல டீ நல்லா இருக்குது. இஞ்சி தட்டிப் போடறாங்க. முப்பது வருஷமா சாயப்பட்டறையில டீ குடிச்சவன் நான். சாய வாடை இல்லாத டீ எனக்குப் புதுசு. முதல் மடக்குல என்னமோ குறையற மாதிரி இருந்தது, அப்புறம் பழகிப்போச்சு.

இன்ஸ்பெக்டர் கலாவதி அம்மா, நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதிக்குவார்னு சொன்னீங்க. நானே எழுதறேன்னு பேப்பர் கேட்டு வாங்கினேன். ஐம்பத்தொரு வயசுல மாலை வகுப்புக்குப் போய்க் கத்துக்கின எழுத்து. பெருசு பெருசா இருக்கும், பொறுத்துக்குங்க. வேலை முடிஞ்சு கை வலியோட ஒரு வருஷம் போனேன். அதுக்கு முன்னாடி பெருவிரல் வச்ச ஆளு நான்.

பேரு ராஜவேலு. ஊரு தாமல். ஏரித் தண்ணியில விளையற நிலத்துல வேலை செய்வோம், நிலம் எங்களுது இல்லை. இருபத்தி நாலு வயசுல பிள்ளையார்பாளையத்துக்கு வந்து குமாரசாமி பட்டறையில சேர்ந்தேன். அதே வாரம் எங்க தெருக்காரன் ஜோசுவாவும் சேர்ந்தான்.

எங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லைன்னா மீதி உங்களுக்குப் புரியாது. செம்பு அண்டாவுல சாயத் தண்ணி கொதிக்கும். கழி கழியாச் சுத்தின பட்டு நூலை ஒரு கோல்ல மாட்டி உள்ள விடுவோம். கோலோட ஒரு முனை என் கையில, மறு முனை எதிர்ல நிக்கறவன் கையில. ரெண்டு பேரும் ஒண்ணா தூக்கணும், ஒண்ணா புரட்டணும், ஒண்ணா முக்கணும். ஒருத்தன் முந்தினா சாயம் திட்டுத்திட்டா பிடிச்சுக்கும், புடவை வீணாப்போவும். ஆவியில எதிராள் முகம் தெரியாது. வாயைத் திறந்தா தொண்டை எரியும். அதனால கோலை லேசா இழுத்துத்தான் சேதி சொல்லிக்குவோம். அந்த எதிராளுக்குப் பட்டறையில எதிர்க்கோல்னு பேரு. கடைத்தெருவுல என்னைப் பார்த்தா "இன்னாபா, எதிர்க்கோல் எங்க"ன்னுதான் கேப்பாங்க. பொண்டாட்டி எங்கன்னு யாரும் கேட்டதில்லை. எனக்குப் பொண்டாட்டி இல்லாததும் ஒரு காரணம்.

ஜோசுவாவோட இழுப்பு தனி. சின்னதா ஒண்ணு, கொஞ்சம் நிறுத்தி, பெருசா ஒண்ணு. இருபத்தெட்டு வருஷம் அந்த இழுப்பு என் உள்ளங்கையில விழுந்தது. காலையில அது விழுந்தாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி.

அப்புறம் பித்தளையாளுங்க வந்தாங்க. இப்ப நம்ம ஊர்ல முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க, அவங்களும் ஒரு ஜனம்னு ஆயிப்போச்சு. எப்படி வராங்கன்னு உங்களுக்குத் தெரியும். சாகப்போறவங்க முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தா, கடைசி மூச்சைச் செம்புல பிடிச்சு, அரக்கு வச்சு மூடி, பித்தளை உடம்போட நெஞ்சுல வைப்பாங்க. உடம்பு எழுந்து நிக்கும். செம்பு பிடிக்கற ஆளுக்கு உதவியா நானும் பத்துப் பதினைஞ்சு வீட்டுக்குப் போயிருக்கேன். கை நடுங்காதவன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க.

அவங்களுக்குக் கண்ணு கிடையாது, நாக்கு கிடையாது. வெந்தயப் பச்சையும் அரக்குச் சிவப்பும் அவங்களுக்கு ஒண்ணுதான். ஆனா நமக்கு இல்லாதது மூணு இருக்குது. ஒண்ணு பாதம். தெருவுல எந்த வீட்டுத் தறி ஓடுது, எது நின்னுதுன்னு பாதத்தாலேயே கேப்பாங்க. கருட சேவை அன்னிக்கு சின்ன காஞ்சிபுரத்துல மேளம் அடிச்சா, இங்க அத்தனை பித்தளையாளும் வேலையை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பாங்க. நமக்கு ஒரு சத்தமும் கேக்காது. ரெண்டாவது விரல். நூல்ல ஒரு சொட்டுத் தண்ணி கூட இருந்தா விரலுக்குத் தெரியும். மூணாவது நெஞ்சுல இருக்கற தோல். மிருதங்கத் தோலை விட மெல்லிசு. பக்கத்துல உயிரோட ஒருத்தர் மூச்சு விட்டா அது அதிரும். ஆளுக்கு ஆள் அதிர்வு வேற. அதை வச்சுத்தான் இன்னார்னு கண்டுக்குவாங்க.

ஜோசுவாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. "நீ வோணும்னா செத்தப்புறமும் வேலை செய்யுடா. நான் செத்தா நேரா கர்த்தர்கிட்ட போயிடுவேன். நடுவுல குமாரசாமிகிட்டல்லாம் நிக்க மாட்டேன்"னு சொல்லிச் சிரிப்பான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மார்கழி மாசம் அவனுக்கு நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. வீட்டுல படுத்திருந்தான். நான் பக்கத்துல இருந்தப்ப செத்தான். செம்பும் என் கையில இருந்தது. எழுதிக் கொடுக்கற தாள்ல அவன் பேரு இருந்துச்சு. அதை எழுதினவன் நான். என் பேருக்கு அப்புறம் நான் எழுதக் கத்துக்கின ரெண்டாவது பேரு அவனுதுதான். கைநாட்டைச் சந்தேகப்படற மாதிரி கையெழுத்தை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அந்த மரியாதை எழுத்துக்கு இருக்குது.

பொங்கல் கழிச்சு ஒரு திங்கக்கெழம புதுப் பித்தளையாள் அண்டாவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னான். கோலைப் பிடிச்சான். சின்னதா ஒண்ணு, நிறுத்தி, பெருசா ஒண்ணு. நான் அன்னிக்கு அழுததை ஆவின்னு எல்லாரும் நினைச்சுக்கினாங்க.

ரெண்டு வருஷம் நல்லா போச்சு. நான் கிட்டப் போனா அவன் நெஞ்சுத் தோல் படபடன்னு அடிச்சுக்கும். மத்தவங்களுக்கு அப்படி அடிச்சுக்காது. பிரியம்னுதான் அதை எடுத்துக்கினேன், வேற இன்னாவா இருக்க முடியும்.

பிடிச்ச மூச்சு சாயம் மாதிரிதான், வெளுக்கும். போன வருஷம் கருட சேவைக்கு எல்லாப் பித்தளையாளும் திரும்பி நின்னாங்க. அவன் நூலை முக்கிக்கினே இருந்தான். பாதம் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. அடுத்து நெஞ்சுத் தோல் போச்சு. கடைசியா விரல் மட்டும் மீதி. வேலை செய்வான், எதிர்ல யாருன்னு தெரியாது. முதலாளிகளுக்கு அந்தக் கட்டம் பிடிக்கும். குமாரசாமி அவன் முதுகைத் தட்டி, "இப்பத்தான்யா நல்லா வேலை செய்யுது. மேளத்துக்கு நிக்கறதில்லை, ஆளுக்கு நெளியறதில்லை"ன்னார். கோல்ல வந்த இழுப்பு ஒரே மாதிரி ஆயிடுச்சு. யார் பிடிச்சாலும் வர்ற இழுப்பு.

நான் சாயக்காரன். சாயம் வெளுத்தா இன்னா செய்யணும்னு எனக்குத் தெரியும். ஒரு புடவைக்கு நூல் பத்தலைன்னு வச்சுக்குங்க. புதுசாக் கலக்கற சாயம் பழசோட ஒத்துப்போவாது. பழைய அண்டாவுல மீந்த தண்ணியைச் சேர்த்தாத்தான் நிறம் ஒட்டும். மூச்சுக்கும் அதேதான்னு எனக்குத் தோணிச்சு. வேற யார் மூச்சைச் சேர்த்தாலும் ஒட்டாது. அவன் ரத்தமா இருக்கணும், ஒரே அண்டாவுல இருந்து வந்ததா இருக்கணும்.

அவன் தம்பி சத்யராஜ் தாமல்ல தனியா இருந்தான். குடி. யாருக்கும் அவனால பிரயோஜனம் இல்லை. ஒரு ஞாயித்துக்கெழம மதியம் பிரியாணி வாங்கிக்கினு போனேன். "இன்னாண்ணா, அதிசயமா இருக்குது, மழை வரப்போவுது"ன்னு கிண்டல் பண்ணான். ஏரிக்கரையில மரத்தடியில உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்லா சாப்பிட்டான், அதுல எனக்குத் திருப்தி. அப்புறம் தூங்கிட்டான். செம்பை மூக்குகிட்ட வச்சுக்கினு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வந்துக்கினும் போய்க்கினும் இருந்தது. நடு மூச்சு எதுக்கும் ஆவாது, கடைசி மூச்சுதான் வோணும். அதனால தோள்ல இருந்த துண்டை எடுத்தேன். அப்புறம் அவனை ஏரியில இறக்கி விட்டேன். போதையில விழுந்துட்டான்னு ஊர் பேசிச்சு. அவனைப் பத்தி அதை நம்பறது சுலபம்.

அந்த மூச்சைச் சேர்த்ததும் ஜோசுவாவுக்கு நெஞ்சுத் தோல் லேசா அதிர ஆரம்பிச்சுது. கோல்ல சின்ன இழுப்பு வந்தது. பெருசு வரலை. தம்பி மூச்சு குடியில தண்ணியாப் போன மூச்சு, அவ்வளவுதான் தாங்கும். ஓரிக்கையில அவன் அக்கா கிரேஸ் இருக்காங்க. எழுபது வயசு. மூச்சு கீத்து மாதிரி மெல்லிசு. அதனால அவங்களைத் தொந்தரவு பண்ணலை.

ஏஞ்சலை நான் தேடிப் போகலைம்மா. இதை நீங்க குறிச்சுக்கணும். அவளாத்தான் வந்தா. ஜோசுவாவோட ஒரே பொண்ணு, தாயில்லாம வளர்ந்தது. ஒரகடம் பக்கம் கம்பெனியில வேலை. அன்னிக்குச் சனிக்கெழம, பட்டறை ரெண்டு நாள் லீவு, நான் மட்டும் அண்டா கழுவிக்கினு இருந்தேன். எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டாந்தா.

"பெரியப்பா, எண்ணெய் கம்மியாத்தான் ஊத்தியிருக்கேன். குறை சொல்லாம சாப்பிடணும்."

"உங்கப்பன்தான் குறை சொல்லுவான். நான் இன்னா போட்டாலும் துன்னுவேன்."

அவ சிரிக்கலை. சுவத்தோரம் நின்ன ஜோசுவா கிட்ட போய் அவன் கையைப் பிடிச்சுக்கினு கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் பையில இருந்து அவன் பேரு எழுதின அந்தத் தாளோட நகலை எடுத்தா.

"அப்பாவுக்கு எழுதத் தெரியாது. என் ஸ்கூல் ரிப்போர்ட்டுக்குக்கூட கைநாட்டுதான் வச்சாரு. இது உங்க எழுத்து மாதிரி இருக்குது பெரியப்பா."

நான் அண்டாவைக் கழுவிக்கினே இருந்தேன்.

"நீங்க பாசத்துல போட்டுட்டீங்க. எனக்குப் புரியுது. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. திங்கக்கெழம ஆபீஸ்ல மனு கொடுத்தா அரக்கை உடைச்சு விட்ருவாங்களாம். அப்பா போகட்டும். கர்த்தர்கிட்டதான் போவேன்னு எவ்வளவு வாட்டி சொன்னாரு. நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க. உங்ககிட்ட சொல்லிக்காம அவரு எப்படிப் போவாரு."

நல்ல பொண்ணு. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்குது. யார்கிட்டயும் சொல்லலைன்னு அவ சொன்னது ரொம்ப உபயோகமா இருந்தது. குழம்பு ஆறிடும், உட்காரு, சேர்ந்து சாப்பிடலாம்னு சொன்னேன். சாப்பிட்டோம். எண்ணெய் சரியாத்தான் இருந்தது. அவ தட்டு கழுவத் திரும்பினப்ப நான் எழுந்தேன்.

இருபத்தஞ்சு வயசு மூச்சும்மா. செம்பு கையில கனத்தது. அவளைச் சாய மூட்டைங்களுக்குப் பின்னாடி படுக்க வச்சு, முகத்துக்கு மேல சுத்தமான துணி போட்டேன். நாலடி தள்ளி ஜோசுவா நின்னுக்கினு இருந்தான். பாதம்தான் செத்துப்போச்சே, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நினைச்சேன்.

மூச்சைச் சேர்த்து அரக்கு வச்சேன். அவனுக்கு எல்லாம் திரும்ப வந்தது. பாதத்தைத் தரையில மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தான். விரலை மடக்கி நீட்டினான். கோலோட ஒரு முனையை அவன் கையில கொடுத்து மறு முனையை நான் பிடிச்சுக்கினு நின்னேன். ரெண்டு இழுப்புக்காகக் காத்துக்கினு இருந்தேன்.

அவன் கோலைக் கீழ போட்டுட்டான். நேரா மூட்டைங்களுக்குப் பின்னாடி போனான். முட்டி போட்டு உட்கார்ந்து, துணியை எடுத்துட்டு, அவ மூக்குகிட்ட விரலை வச்சான். அவ மூச்சு அவன் நெஞ்சுக்குள்ள இருந்தது. அவன் அதை வெளியில தேடிக்கினு இருந்தான். நான் கூப்பிட்டேன், தோளைப் பிடிச்சு இழுத்தேன், பித்தளை அசையலை. ஞாயித்துக்கெழம முழுக்க அப்படியே. விரலை எடுக்கவே இல்லை. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். திங்கக்கெழம காலையில குமாரசாமி வந்து பார்த்துட்டு உங்களுக்குப் போன் பண்ணார்.

நேத்து என்னை அவன் எதிர்ல நிறுத்திப் பார்த்தீங்க. ஏட்டு கிட்டப் போனா அவன் நெஞ்சுத் தோல் அதிருது. நீங்க போனாலும் அதிருது. நான் போனப்ப அசையாம நின்னுடுச்சு, அவனே பிடிச்சு நிறுத்தின மாதிரி. நீங்க அதைக் குறிச்சுக்கினீங்க. நீங்க நினைக்கற மாதிரி இல்லைம்மா. புதுச் சாயம் முதல்ல திட்டுத்திட்டாத்தான் பிடிக்கும். கொஞ்ச நாள் போனா ஒட்டிக்கும்.

ஜோசுவா எப்படிச் செத்தான்னும் எழுதச் சொன்னீங்க. பத்து நாள்ல எழுந்து நடப்பான்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருந்தார். ஜோசுவாவும் தலகாணியில சாஞ்சுக்கினு, "டேய், வேற எதிர்க்கோல் பார்த்துக்கோடா. ஏஞ்சல் ஒரகடத்துல வீடு பார்த்திருக்குது. இனிமே சாயமும் வோணாம், ஆவியும் வோணாம். துன்னுட்டுத் தூங்கப் போறேன்"னு சொன்னான். சொல்லும்போது சிரிச்சுக்கினு இருந்தான். நானும் சிரிச்சேன். துண்டு அன்னிக்கும் என் தோள்லதான் இருந்தது.

அவ்வளவு பிரியம் இருந்தா உன் மூச்சைக் கொடுத்திருக்கலாமேன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். ராத்திரி அதைப் பத்தி யோசிச்சேன். என் மூச்சு அவன் ரத்தம் இல்லை, ஒட்டாது. அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் போயிட்டா எதிர்ல கோல் பிடிக்க அவனுக்கு யார் இருக்கா. பெத்த பொண்ணும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. அவனைத் தனியா விட்டுட்டுப் போற அளவுக்கு எனக்குக் கல் மனசு இல்லைம்மா.