பிராண்டின் கையில் பந்து

எனக்குச் சத்தமாகப் பேசி வழக்கமில்லை, ஐயா. எங்கள் கூடத்தில் பாட்டு அலறும். அதனால் காதைவிடக் கண்ணை நம்பி வேலை பார்க்கப் பழகிவிட்டேன்.

கயிற்றில் கட்டுவதையும் சாட்டையால் அடிப்பதையும் மனமொத்துச் செய்கிறவர்கள் போர்ட்லண்ட் நகரில் கூடும் இடம் அது. வெளியே பைத்தியக்காரத்தனம் என்பார்கள். உள்ளே தேவாலயத்தைவிட ஒழுங்கு. நான் கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய பாதுகாப்புத் தொண்டன். 'சிவப்பு' என்று சொன்னால் எல்லாம் நிற்க வேண்டும். வாயைக் கட்டியிருந்தால் கையில் ரப்பர் பந்து கொடுப்போம். பந்து விழுந்தால் அதுதான் 'சிவப்பு'. உடனே கத்தரிக்கோலோடு நான் ஓட வேண்டும்.

போன மாதம் கட்டுண்டு கிடந்த பிராண்ட் என்பவனின் விரல்கள் நீலமாவதைப் பார்த்துக் கயிற்றை வெட்டிவிட்டேன். நன்றி சொல்வான் என்று நின்றேன். எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"எவரெட்டு, நீ என்ன பாலர் பள்ளி ஆயாவா? அடுத்த கூட்டத்துல உன் பட்டையைக் கழட்டச் சொல்றேன் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். வெளியே என்னை ஏறெடுத்தும் பார்க்க ஆளில்லை. அந்தப் பட்டைதான் எனக்கு மரியாதை. அன்றே அவன் மேல் வன்மம் வைத்தேன், உங்களிடம் மறைக்கவில்லை.

ஞாயிறு மதியம் எங்கள் கூடத்து நாடின் அவன் வாயைக் கட்டி, மார்பில் கயிறு சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டாள். முதுகுப் பக்கம் நின்று அடிக்கிறவள் அவள். அவன் முகம் எனக்கு மட்டும்தான் தெரியும். மார்புக் கயிறு நழுவி ஏறிக் கழுத்தைக் கவ்வியது. கண்கள் பிதுங்கின. பந்து விழுந்தது.

குனிந்து எடுத்தேன். தூசியைத் துடைத்து, அவன் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தேன்.

"எவரெட், அவன் நல்லா இருக்கானா?" என்று பின்னாலிருந்து நாடின் கத்தினாள்.

"ஜோரா இருக்கான்மா. நீ நடத்து."

சாட்டை முதுகைக் கிழித்தது. கால்கள் காற்றை உதைத்தன. பட்டை கட்டியவன் பக்கத்தில் நின்றால் வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது எங்கள் வழக்கம். பந்து மறுபடி விழுந்தது. மறுபடி வைத்தேன். இந்த முறை அவன் விரல்களை மடக்கி, என் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். நகத்தால் கீறினான், இதோ காயம். பொறுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உதறல் அடங்கியது.

நாடின் மேல் பழி போடாதீர்கள். பாவம், என்னை நம்பினாள். நம்புவதற்குத்தானே என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

கொன்றது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விதியை மீறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அதற்குப் பிறகு பந்து விழவே இல்லை. விழுந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.