கூடிப்போன நாப்பது நிமிஷம்

இல்ல டீச்சர், நான் நின்னுக்கிறேன். இது பிள்ளைங்க உக்கார்ற பெஞ்சு. நான் உக்காந்தா தூக்கிவிட ரெண்டு ஆளு வேணும்.

பேப்பரப் பாத்தேன். ஒருத்தர் பன்னெண்டு கிலோமீட்டர் போக இருவது நிமிஷம், அதே ரோட்டுல அதே வேகத்துல திரும்புறாரு, சராசரி வேகம் என்ன. முப்பத்தாறு வரணும். எம்பொண்ணு பதினெட்டுன்னு எழுதிருக்கா. வேன் ஓட்டுறவன் டீச்சர், இதுகூடவா தெரியாது?

ஆனா போட்ட விதம் சரிதானே? மொத்த தூரத்த மொத்த நேரத்தால வகுத்திருக்கா. வண்டி நின்ன நேரத்தையும் சேக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? திரும்பி வர ஒரு மணி நேரம்னு போட்டுட்டா, அவ்வளவுதான்.

நாப்பது நிமிஷம் எப்படிக் கூடுச்சுன்னு கேட்டதுக்கு, அப்பாவக் கேளுங்கன்னாளா? அப்படியேவா சொன்னா? வாய் அப்படியே அவ அம்மா.

டிராபிக்தான் டீச்சர். சாயங்காலம் ஆனா... ஓ, நீங்களும் அந்த ரோட்டுலதான் போறீங்களா. சரி.

அப்புறம், வெள்ளிக்கிழம மீட்டிங்குக்கு அவ அம்மா வருவா. ஸ்பெஷல் கிளாஸ் பத்திக் கேட்டா நடக்குதுன்னு ஒரு வார்த்த... இல்ல, நீங்க நடத்தலதான். லேட்டா வர்றதுக்கு நான் கட்டிவிட்ட கதை. நேர்லகூட சொல்லல, பிள்ளைய விட்டுச் சொல்ல வச்சேன். எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு டீச்சர். அவ தம்பி முன்னாடி ஒரு வார்த்த விட்டுட்டேன், சொல்லக் கூடாத வார்த்த. அதுலேருந்து அவ மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி அவளுக்கு. காலையில அவ வர்றதுக்குள்ள நாங்க கிளம்பிடுவோம். சாயங்காலம் அவ டூட்டிக்கு வீட்ட விட்டு எறங்கிப் போற வரைக்கும் தெருமுனையில மரக்கடைக்குப் பின்னாடி வண்டிய ஓரங்கட்டிருவேன். ஞாயித்துக்கிழம மட்டுந்தான் பிள்ளைக்கு அம்மா.

அது ஒண்ணும் கேக்காது. மடியில நோட்ட வச்சு எழுதிக்கிட்டே இருக்கும். அவ அம்மா பஸ்ல ஏறுறப்ப மட்டும் தலையத் தூக்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துலேருந்து கையாட்டும். அவளுக்கு எங்க தெரியும்.

மார்க்கு போடாட்டியும் பரவால்ல டீச்சர். கணக்கு சரிதான்னு மட்டும் பிள்ளகிட்ட சொல்லிருங்க.