மொழிபெயர்க்க வந்த அக்கா

வேண்டாம், நீங்க அங்கேயே உக்காருங்க. இந்த நாற்காலில என் பை இருக்கு. எடுத்து மடில வச்சுக்கலாம்தான். எனக்கு இஷ்டமில்ல.

என்னை ஞாபகம் இருக்கா? இருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்காகப் பேசறீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதே ஆஸ்பத்திரி, இதே டாக்டரம்மா ரூம். நான் இந்த நாட்டுக்கு வந்து ஏழாவது வாரம். இடது மணிக்கட்டு வீங்கிப்போயி வளையலை வெட்டி எடுத்தாங்க. நீங்க வந்து, கவலப்படாத தங்கச்சி, நீ தமிழ்ல சொல்லு, நான் அவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன்னீங்க. கூடப்பொறந்தவளைப் பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

இப்ப தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. கேக்க நல்லால்ல.

இல்ல, உங்களை நான் வரச் சொல்லல. டாக்டரைப் பாக்கணும்னு போன் பண்ணி நேரம் வாங்கினது நானே. பழைய சீட்டுல மொழிபெயர்க்க ஆளு வேணும்னு இருக்காம், அதைப் பாத்து உங்களை அனுப்பிட்டாங்க. ஆமா, போன்ல இவங்க பாஷைலதான் பேசினேன். ஏன், சிரிப்பு வருதா? தப்பும் தவறுமாத்தான் வரும். ஆனா நான் சொல்ல நினைச்சதுதான் வரும்.

எங்க கத்துக்கிட்டேனா? வகுப்புக்கா அனுப்பப்போறாங்க என்னை. வந்த புதுசுல பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தெரியாம கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி திரும்பி நடந்து வந்தவ நான். ஷாம்புன்னு நினைச்சுப் பாத்திரம் தேய்க்கிறதை வாங்கி ஒரு மாசம் தலைக்குப் போட்டிருக்கேன். முடியெல்லாம் நாராப் போச்சு. அப்புறம்தான் ஓட்டல் துணி துவைக்கிற இடத்துல வேலை. பகல் பூரா வீட்ல குந்திக்கிட்டிருக்கியேன்னு என் வீட்டுக்காரரே சேத்துவிட்டாரு.

அங்க ஒரு அம்மா, எந்த நாட்டுக்காரங்களோ, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாங்க. கண்ணாடிக்காரம்மான்னு நானா வச்சுக்கிட்ட பேரு. படுக்கை விரிப்பை ஒருத்தரா மடிக்க முடியாது பாருங்க, ரெண்டு முனை அவங்க பிடிப்பாங்க, ரெண்டு முனை நான். முனையோட முனை சேக்கக் கிட்ட வருவோம்ல, அப்ப இந்த ஊர் பாஷைல ஒரு வார்த்தை சொல்லுவாங்க. சோப்பு. ஜன்னல். ஈரம். நான் திருப்பிச் சொன்னாத்தான் முனையை என் கையில விடுவாங்க. தப்பாச் சொன்னா மறுபடி விரிச்சு மறுபடி மடிக்கணும். மேஸ்திரி திட்டுவான், அவங்க காதுலயே வாங்க மாட்டாங்க. எனக்குன்னு இந்த ஊர்ல யாரும் அவ்வளவு மெனக்கெட்டதில்ல.

ஆமா, இந்தக் கைதான். எலும்பு கோணலாத்தான் சேந்துச்சு. ஈரத்துணியைப் பிடிச்சா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.

கைக்கடிகாரத்தைப் பாத்து என்ன ஆகப்போகுது. அவங்க கூப்பிடற வரைக்கும் நீங்க உக்காந்துதானே ஆகணும். கேளுங்க.

போன மாசம் அங்க லிஃப்ட் நின்னுபோச்சு. துணிக்கூடையைத் தூக்கிக்கிட்டு நடந்தே மாடி ஏறணும். முன்னால போன கண்ணாடிக்காரம்மா திரும்பி நின்னு, காலால கீழ தட்டி, ஒரு வார்த்தை சொன்னாங்க. என் கையிலேருந்து கூடை நழுவிப் போச்சு. துணியெல்லாம் கீழ வரைக்கும் உருண்டுச்சு. அந்த வார்த்தையை நான் முன்னாடியே கேட்டிருக்கேன். அர்த்தம்தான் தெரியாம இருந்துச்சு. உங்க வாயால கேட்டது அது. டாக்டரம்மாகிட்ட சொன்னீங்க. அவங்க என்னமோ திருப்பிக் கேட்டாங்க, மறுபடியும் அதையேதான் சொன்னீங்க. வலியில எனக்கு வேற ஒண்ணும் மண்டையில ஏறல, அந்தச் சத்தம் மட்டும் ஒட்டிக்கிச்சு.

படிக்கட்டு.

நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? என் வீட்டுக்காரரு கதவிடுக்குல என் கையை வச்சுக் கதவைச் சாத்தினாருன்னேன். அவரு காரை நிறுத்தப் போயிருந்தாரு. வர்றதுக்குள்ள சொல்லிடணும்னு மூச்சுவிடாம சொன்னேன். நீங்க தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டீங்க. அவரு உள்ள வந்ததும் அவருக்கு ஒரு வணக்கம் வேற.

குடும்பம் கெட்டுப்போயிடக் கூடாதுன்னு நினைச்சீங்களா. யாரு குடும்பத்தை யாருங்க நினைக்கிறது? சரி, அதுகூடப் போகட்டும். டாக்டரம்மா சிரிச்சாங்க, ஞாபகம் இருக்கா? கட்டுப் போட்டுட்டு என் தோளைத் தட்டிச் சிரிச்சாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் சிரிக்கறாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன். இந்த நாட்டுலயும் இது சர்வ சாதாரணம் போல, சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு அவரு பின்னாடியே போயி கார்ல ஏறினேன். ஒன்பது மாசம் யாருகிட்டயும் வாயைத் திறக்கல. கண்ணாடிக்காரம்மா கேட்டப்பகூட வெயிட்டு தூக்கினதுன்னேன். நடுவுல விலா எலும்பு ஒண்ணு போச்சு. அதுக்கு ஆஸ்பத்திரிக்கே வரல.

அழுகாதீங்க. உங்களுக்கு இங்க அழறதுக்கு ஒண்ணுமில்ல.

கூப்பிடறாங்க பாருங்க. பேரைத் தப்பாச் சொல்றாங்க, நான்தான் அது. நீங்க எந்திரிக்காதீங்க, உள்ள நான் பேசிக்கிறேன். அவரு செஞ்சதையும் சொல்லுவேன், நீங்க சொன்னதையும் சொல்லுவேன்.

எங்க வீடு தரையோட தரைங்க. ஒரு படிகூடக் கிடையாது.