விரலகல டேப்

— என் கராத்தே பெல்ட்டை ஏங்க துவைச்சீங்க?

— வேர்வை நாத்தம் குடலைப் புடுங்குச்சு, ஊறப்போட்டேன். பொண்டாட்டி துணியைத் துவைச்சது ஒரு குத்தமா தாயே?

— கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் கைக்குட்டையைக்கூடத் தொட்டதில்ல நீங்க.

— அதான் இன்னிக்குத் தொட்டேன். நீ சந்தோஷப்படுவேன்னு பார்த்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க.

— நுனியில, பாடம் தேறினதுக்கு டீச்சர் ஒட்டிவிட்ட சிவப்பு டேப் இருந்ததே. எங்க?

— அதுவா. உரிஞ்சு வந்துது. குப்பையில போட்டேன்.

— கராத்தே பெல்ட்டை யாரும் துவைக்க மாட்டாங்க. அன்னிக்கே சொன்னேன்ல.

— நான் என்ன சொல்றேன்னா, அது நான் ஒயர்ல சுத்துற டேப்பு. எலெக்ட்ரீஷியன் வீட்டுல டேப்புக்கா பஞ்சம்? பெட்டி நிறையக் கிடக்கு. எத்தனை வேணும் சொல்லு, வரிசையா ஒட்டித் தரேன். ஒரேயடியா மாஸ்டராயிடு.

— உங்க கையால வேணாம்.

— பார்றா. உங்க டீச்சரம்மா கை என்ன தங்கமா?

— சின்னப் பசங்க முன்னாடி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மண்டி போட்டு, பெல்ட் நுனியைப் பிடிச்சு, நகத்தால தேய்ச்சுத் தேய்ச்சு ஒட்டினாங்க. போன மாசத்துக்கு இப்ப நல்லா வந்திருக்குன்னாங்க.

— அதுக்கே உச்சி குளிர்ந்து போச்சா?

— குளிர்ந்துதான் போச்சு. இந்த வீட்டுல உப்பு குறைஞ்சா சொல்லுவீங்க. சரியா இருந்தா சத்தமே வராது. அதையே நல்ல பேர்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பஸ்ல வரும்போது பையைத் திறந்து திறந்து அந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தேங்க.

— சின்னப் பசங்களுக்கு மிட்டாய் குடுக்கிற மாதிரி குடுத்திருக்காங்க. நீயும் வாயைத் தொறந்துட்ட.

— மிட்டாய்தான். எனக்கு யாரும் குடுத்ததில்ல.

— அன்னிக்கு அதைக் கையில வச்சுக்கிட்டு நீயா சிரிக்கிற. நான் வந்து நிக்கிறதுகூடத் தெரியல உனக்கு.

— அதான் துவைச்சீங்களா?

— பேச்சை மாத்தாத. எதுக்காம் அந்த மிட்டாய்? செங்கல் கிங்கல் உடைச்சியா?

— அதெல்லாம் இல்ல. சின்னப் பாடம். முதல் நாள் நான் சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மறைச்சுக்கிட்டே நின்னேன். டீச்சர் பார்த்தாங்க, ஒண்ணும் கேக்கல. மத்தவங்களுக்கு உதை, குத்து. என்னை மட்டும் ஓரமாக் கூட்டிட்டுப் போய் வேற ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க.

— என்ன அது?

— நேரமாச்சு. பெல்ட்டைக் குடுங்க.

— ஈரமா இருக்கு. இன்னிக்குப் போகாத.

— ஈரத்தோடயே கட்டிக்கிறேன்.

— போகாதன்னு சொன்னேன்ல.

— கையை விடுங்க. வலிக்குது.

— வலிக்கட்டும். உள்ள போ. போன்னா... ஏய். எப்படி உருவின?

— உங்க கட்டை விரல் பக்கமா. எந்தப் பிடியிலயும் பலமில்லாத இடம் அதுதானாம். இத்தனை வருஷமா அங்கேயேதான் இருந்திருக்கு.