குங்கிலியப் பதம்

பதம் வந்துருச்சான்னு மட்டும் என்னயக் கேக்காதீங்கண்ணே. காய்ச்சித் தாரேன், கிண்டித் தாரேன், சட்டியத் தூக்கியாந்து, கடலுக்குப் போற ஒங்க வத்தைக்குப் பக்கத்துல வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் நீங்கதான் சொல்லணும். எப்புடிப் பாக்குறதுன்னு சொல்லித் தாரேன், அப்பறம் என்ன?

இங்கிட்டு வந்து நில்லுங்க. அங்கிட்டுப் பொக வரும், கண்ணு எரியும்.

என்னது, தாரா? ரோட்டுக்கு ஊத்துறாகளே, அந்தத் தாரா? ஒரு டின்னு கேட்டு வாங்கியாந்துட்டீங்களா! நல்லாருக்கு போங்க. பெர்மிட்டு முடிஞ்சு சிலோன்லேருந்து வந்தவரு, கடையில பொட்டணம் மடிச்ச கைன்னு நல்லாத் தெரியுது. கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன். தாரு கெட்டதுன்னு சொல்லல. அடியில, வெளிப்பக்கமாப் பூசிக்கங்க, பலகையப் புழு திங்காது. பலகைக்குப் பலகை சேர்ற மூட்டுக்குள்ள மட்டும் வைக்காதீங்க. வெயிலுக்கு இளகி, வச்ச பஞ்சையும் இழுத்துக்கிட்டு வந்துரும்.

சுண்ணாம்பையும் எண்ணெயவும் பெசஞ்சு அடைக்கிறவுகளும் இருக்காக. கண்மாயில ஓட்டுற தோணிக்கு அது போதும். கடல்ல பலகை சும்மா கெடக்காதுண்ணே, அலைக்கு அலை அசையும். அசையிற எடத்துல கல்லாட்டம் இறுகுறத வச்சா வெடிச்சுப் போகும்.

அதுக்குத்தான் குங்கிலியம். அறந்தாங்கிச் சந்தையில கெடைக்கும். பளபளன்னு இருக்குறது சாமிக்குப் பொக போட, நமக்கு அந்தக் கருப்பே போதும். இடிச்சு, துணியில சலிச்சு, புன்னை எண்ணெயில போட்டுக் காய்ச்சணும். நல்லெண்ணெயா? ஊத்தலாம். யாரு ஊத்துவா, கொழம்புக்கே காணல.

பலகை காஞ்சிருச்சா? கரையேத்தி எத்தன நாளாச்சு? நாலு நாளா? இன்னும் ரெண்டு நாளு கெடக்கட்டும்ணே. ஈரப் பலகையில எத வச்சாலும் ஒட்டாது. அவசரந்தான், புரியுது. வீட்டுல ஒல கொதிக்கணும்ல. ஆனாலும் கெடக்கட்டும்.

இப்பப் பாருங்க, தீயி இம்புட்டுதான் இருக்கணும். கொட்டாங்கச்சித் தண்ணியில ஒரு சொட்டு விடுங்க. எடுத்து வெரலால மடக்குங்க. ஒட்டுதா, இன்னும் காயணும். மெழுகாட்டம் வளையுதா, ஒடனே எறக்கிரணும். படக்குன்னு ஒடிஞ்சுச்சுன்னா முறுகிப் போச்சுன்னு அர்த்தம். அதத் தூரக் கொட்டிட்டு வேற காய்ச்சணும். இன்னங் கொஞ்சம் எண்ணெய ஊத்திச் சரிக்கட்டலாமுன்னு மட்டும் நெனச்சுராதீங்க.

சிரிக்கிறீங்க. இம்புட்டுத் தெரிஞ்சவ, அத நீயே பாத்துச் சொன்னா என்னங்கிறீங்க.

யாரு, எங்க வீட்டு ஆளா? ஒங்களுக்கு யாரும் சொல்லலையா? அவுக இல்லண்ணே. ஒம்பது வருசமாச்சு.

கலப்பத்து அடிக்கிறதுல, அதான் இந்த மூட்ட அடைக்கிறதுல, அவுகள மிஞ்ச இந்தக் கரையில ஆளு கெடையாது. மணமேல்குடியிலேருந்தெல்லாம் கூப்புட்டு விடுவாக. பஞ்சத் திரிச்சு மூட்டுல வச்சு உளியால அடிப்பாக பாருங்க, அந்தச் சத்தத்த வச்சே பலகை நல்லதா உளுத்ததான்னு நான் சொல்லிருவேன். காய்ச்சுறது நான், அடிக்கிறது அவுக. பதினோரு வருசம் அப்புடித்தான் ஓடுச்சு. ஒருக்கா எந்திரிச்சு வந்து சட்டியத் தொட்டுப் பாத்தவுக இல்ல. வத்தைக்கு அடியில படுத்துக்கிட்டே கேப்பாக, இருளாயி, பதமான்னு. பதந்தான்னா சரி, கைய நீட்டுவாக. கட்டுன பொண்டாட்டிய அம்புட்டு நம்புன மனுசன்.

ஊருல வாடைக்காத்துன்னு சொன்னாக. காத்து அடிச்சது நெசந்தான். அன்னைக்கு இங்கேருந்து நாலு வத்தை போச்சு. மூணு திரும்பி வந்துருச்சே. எங்களுது மட்டும் மூணாம் நாளு கவுந்து வந்து ஒதுங்குச்சு. ஆளு ஒதுங்கவே இல்ல.

எல்லாரும் கடலப் பாத்து மாரடிச்சுக்கிட்டு நிக்கிறாக. நான் வத்தைகிட்டப் போனேன். மூட்டுல நகத்த வச்சேன். குங்கிலியம் அப்பளமாட்டம் ஒடிஞ்சு ஒடிஞ்சு உதுருது. பஞ்சு பாதியக் காணோம். யாரும் பாத்துரக் கூடாதுன்னு மிச்சத்தயும் நானே சொரண்டி எடுத்து மடியில கட்டிக்கிட்டேன். ஆமாண்ணே, புருசனுக்கு அழுகுறதுக்கு முந்தி அந்த வேலையத்தான் பாத்தேன்.

இல்ல, யாருக்கும் தெரியாது. ஒங்ககிட்டத்தான் சொல்றேன். நீங்களும் பொண்டாட்டி புள்ளையோட இருக்கீங்க, வந்து என் வார்த்தையக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே.

எங்க வத்தைய எறக்குறதுக்கு மொத நாளு, எந்தங்கச்சி சொர்ணம் மகளுக்கு அறந்தாங்கியில காதுகுத்து. போகணும்னேன். இந்த வேலை கெடக்கு, காதுகுத்து ஒனக்குப் பெருசாப் போச்சான்னாக. வெள்ளனயே சண்டை. அழுதுக்கிட்டே வெறக உள்ள தள்ளித் தள்ளி விடுறேன். சட்டி கொதியாக் கொதிக்குது. கொட்டாங்கச்சி பக்கத்துலயேதான் இருக்கு, தண்ணியும் இருக்கு. கையி போகல. முறுகிப் போச்சுன்னு என் மூக்குக்கே தெரிஞ்சுச்சுண்ணே. அப்பப் பாத்து அடியிலேருந்து கேக்குறாக, இருளாயி, பதமான்னு.

அவுக சாகணும்னு நெனைக்கலண்ணே. எம்புள்ள மேல சத்தியமா நெனைக்கல. கொஞ்சம் ஒழுகட்டும், தண்ணிய அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டுக் கெடக்கட்டும், நாம் படுற கடுப்பு ஒரு நாளைக்குத் தெரியட்டும்னு இருந்துச்சு. அம்புட்டுதான். கோவத்துல இருக்குறவ வாயில வேற என்ன வரும்? பதந்தான், எடுத்துக்கிட்டுப் போயித் தொலைங்கன்னேன்.