ஜீப் சாவிக்காக ஒரு ஜி.பி.எஸ்

“ஆத்துல உழுந்தாலும் அது வேலை செய்யோணும் மாப்ள.”

துடியலூரில் பஸ் நின்றபோது முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டேன். போன மாதம் வால்பாறைக் காட்டில் ஜீப்போடு வழி தவறியவராம். ஜி.பி.எஸ் கருவி வாங்கினால்தான் இனி ஜீப் சாவி என்று மனைவி சொல்லிவிட்டாராம். பக்கத்தில் இருந்த மச்சினன், சிங்கப்பூரிலிருந்து அதை வாங்கி அனுப்பப் போகிறவர்.

“அப்பத் தடியாத்தானுங்க வாங்கோணும் மாமா. சின்னது தண்ணி தாங்காது.”

“மரத்தடியில வழி காட்டுமா?”

“வெட்டவெளிக்கு வந்தாத்தானுங்க காட்டும்.”

“நான் எங்க இருக்கறேன்னு ஊட்டுல உங்கக்காளுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. உங்களுக்கு மட்டுந்தான்.”

“அத அவகிட்டச் சொல்லிப்போடாத, சாவி தரமாட்டா.”

“அக்கா நேத்தே கேட்டுப்போட்டாங்க மாமா.”

“என்ன சொன்னே?”

“தெரியும்னுதானுங்க சொன்னேன்.”